அரை லிட்டர் வேற, அரை கிலோ வேற: வீட்டில் சோப்பு செய்வது பற்றி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)



போன எபிசோட்ல பேச்சுவாக்குல, "நான் வீட்ல சோப்பு பண்ணுவேன்"னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதி இதுதான். ரெசிபி சொல்லுங்க, ரெசிபி சொல்லுங்க. சொல்றேன். இன்னைக்கு முழுக்க அதுதான். ஆனா அதுக்கு முன்னாடி நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லணும். அதைச் சொல்லாம ரெசிபி மட்டும் கொடுத்தா எனக்கு மனசு ஒப்பாது.

மூணு வருஷம் முன்னாடி, சோப்பு பண்ண ஆரம்பிச்ச புதுசு. ஒரு வீடியோ பார்த்தேன். தேங்காய் எண்ணெய் 500, காஸ்டிக் சோடா 87, தண்ணி 180. எல்லாம் கிராம். நான் என்ன பண்ணேன், கடையில அரை லிட்டர் எண்ணெய் பாக்கெட் வாங்கினேன். அரை லிட்டர்னா 500 தானே? வெட்டி ஊத்திட்டேன். காஸ்டிக்கை மட்டும் தராசுல வெச்சு ரொம்பக் கவனமா 87 கிராம் நிறுத்தேன். சோப்பு அழகா வந்துது. வெள்ளை வெளேர்னு. பட்டர் பேப்பர்ல சுத்தி, சணல் கயிறு கட்டி, அக்காவுக்கு நாலு, ஃபிரெண்ட்ஸுக்கு ஆளுக்கு ஒண்ணுன்னு கொடுத்தேன்.

அக்காவுக்கு மூணு வயசுல ஒரு பொண்ணு. "வீட்ல பண்ணது, கெமிக்கல் கிடையாது, பாப்பாவுக்குப் போடு"ன்னு நான்தான் சொன்னேன். அந்த வார்த்தை இன்னமும் எனக்குக் காதுல கேக்குது.

ரெண்டு வாரம் கழிச்சு அக்கா வீட்டுக்குப் போனா, குழந்தைக்கு முழங்கை மடிப்பு, கழுத்து மடிப்பு எல்லாம் சிவந்து, சொறிஞ்சு சொறிஞ்சு தோல் உரிஞ்சிருக்கு. டாக்டர் கிட்ட காட்டியிருக்காங்க. அவர் கேட்ட முதல் கேள்வி, "சோப்பு மாத்தினீங்களா?" நிறுத்தினதும் ஒரு வாரத்துல சரியாயிடுச்சு. நான் அக்காகிட்ட, "ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லல?"ன்னு கேட்டேன். "நீ ஆசையாப் பண்ணிக் கொடுத்தே. எப்படி சொல்றது?"

அன்னைக்கு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தேங்காய் எண்ணெய் தண்ணியை விட எடை குறைவு. அரை லிட்டர் எண்ணெயை நிறுத்துப் பார்த்தா சுமார் 460 கிராம்தான் வரும். பாக்கெட்ல ஒட்டிக்கிட்டது போக, என் பாத்திரத்துல விழுந்தது ஒரு 450 இருக்கும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் சோப்பா மாற ஏறக்குறைய 0.183 கிராம் காஸ்டிக் வேணும். 450-ஐ அதால பெருக்கினா 82 சொச்சம். நான் போட்டது 87. எண்ணெய் எல்லாமே சோப்பா மாறின பிறகும் சில கிராம் காஸ்டிக் சேர ஆள் இல்லாம அந்தக் கட்டிக்குள்ளயே உக்காந்திருக்கு. அந்த வீடியோக்காரர் மேல தப்பே இல்லை. அவர் கிராம்னுதான் சொன்னார். நான்தான் மில்லிலிட்டரைக் கிராம்னு நினைச்சேன்.

அதனால இன்னைக்கு எபிசோட்ல ஒரே ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வெச்சுக்கறீங்கன்னா இதை வெச்சுக்குங்க. எண்ணெய், காஸ்டிக், தண்ணி, மூணையும் எடை போடணும். கப், ஸ்பூன், டம்ளர் எதுவும் வேண்டாம். "ஒரு கப் எண்ணெய்க்கு ரெண்டு ஸ்பூன் காஸ்டிக்"னு யாராவது சொன்னா அந்த வீடியோவை அங்கேயே நிறுத்திடுங்க.

சரி, இந்த காஸ்டிக் எதுக்கு? அது இல்லாம பண்ண முடியாதா? முடியாது. சோப்புன்னா என்னன்னு பார்த்தா, எண்ணெயில இருக்கற கொழுப்பு அமிலங்களும் ஒரு காரமும் சேர்ந்து உருவாகிற உப்பு. ஒரு கொழுப்பு மூலக்கூறுல மூணு கொழுப்பு அமிலம் ஒரு கிளிசரினைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குது. சோடியம் ஹைட்ராக்சைடு வந்து அந்தப் பிடியைப் பிரிச்சு விடுது. அமிலங்கள் சோடியத்தோட சேர்ந்து சோப்பாகுது, கிளிசரின் தனியா நிக்குது. பெரிய ஃபேக்டரிகள்ல பெரும்பாலும் கிளிசரினைத் தனியாப் பிரிச்சு எடுத்துடுவாங்க, அதுக்கு வேற மார்க்கெட் இருக்கு. வீட்ல பண்ற சோப்புல அது உள்ளேயே இருக்கும். கைத்தொழில் சோப்புக்கு உண்மையிலேயே பெருமைப்பட ஒரு விஷயம் இருக்குன்னா இதுதான்.

அப்ப ரீல்ஸ்ல "காஸ்டிக் இல்லாமல் வீட்டிலேயே சோப்பு"ன்னு வருதே? அது சோப் பேஸ். வேற யாரோ ஏற்கெனவே காஸ்டிக் போட்டுப் பண்ணி முடிச்ச சோப்பை வாங்கி, டபுள் பாயிலிங்ல உருக்கி, கலரும் வாசனையும் கலந்து அச்சுல ஊத்தறது. அது தப்பே இல்லை. சொல்லப்போனா குழந்தைகளை வெச்சுக்கிட்டு ஒரு சனிக்கிழமை மத்தியானம் விளையாடணும்னா அதுதான் சரி. ஆனா அதைக் காட்டி "கெமிக்கல் ஃப்ரீ"ன்னு சொல்றது எனக்குப் பிடிக்கலை. ஒழுங்கா அளந்து பண்ணின சோப்புல காஸ்டிக் மிச்சம் இருக்காது. எல்லாம் எண்ணெயோட சேர்ந்து முடிஞ்சிருக்கும். அதுவும் கெமிஸ்ட்ரிதான். நான் அக்காகிட்ட "கெமிக்கல் கிடையாது"ன்னு சொன்னப்ப, அந்தச் சோப்புல இருந்தது வெறும் கெமிக்கல். (சிரிப்பு)

நம்ம ஊர்ல சோப்பு வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணாங்கன்னு கேப்பீங்க. தலைக்கு சீயக்காய், அரப்பு. உடம்புக்குப் பயத்தமாவு. துணிக்கு உவர்மண். சீயக்காயில நுரை வர்றது சப்போனின்ங்கற பொருளால. அதுக்கும் சோப்புக்கும் வேதியியல்ல சொந்தமில்லை. சோப்பு வந்தப்ப அதுக்குச் சவுக்காரம்னு பேர். எங்க பாட்டி கடைசி வரைக்கும் அப்படித்தான் சொன்னாங்க. இலங்கைத் தமிழர்கள் இன்னைக்கும் சவர்க்காரம்னுதான் சொல்றாங்க. (சௌகார்பேட்டைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அது வட்டிக் கடை சௌகார். நானும் ரொம்ப நாள் அங்க சோப்பு வித்தாங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்.)

இப்ப வேலைக்கு வருவோம். முதல் தடவை பண்றவங்களுக்கு நான் சொல்றது ஒரே எண்ணெய், தேங்காய் எண்ணெய் மட்டும். ஆலிவ் ஆயில், ஷியா பட்டர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

தேங்காய் எண்ணெய் 500 கிராம். நிறுத்தது. காஸ்டிக் சோடா 73 கிராம். தண்ணி 150 கிராம். அவ்வளவுதான் ரெசிபி.

முன்னாடி 87, இப்ப 73 ஏன்? 500 கிராம் எண்ணெய் மொத்தமும் சோப்பாக 91.5 கிராம் காஸ்டிக் வேணும். அதுல 20 சதவீதத்தைக் குறைச்சுப் போடறோம். அப்ப கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாம அப்படியே மிஞ்சும். இதுக்கு சூப்பர்ஃபேட்னு பேர். மத்த எண்ணெய்க் கலவைகளுக்கு 5 சதவீதம் விட்டாலே போதும். தேங்காய் எண்ணெய் சோப்பு மட்டும் கொஞ்சம் முரட்டுத்தனமா அழுக்கை எடுக்கும், தோல்ல இருக்கற எண்ணெயையும் சேர்த்து வழிச்சுடும். அதனாலதான் இதுக்கு மட்டும் 20. இன்னொரு லாபம், உங்க தராசு ஒண்ணு ரெண்டு கிராம் முன்ன பின்ன காட்டினாலும் காஸ்டிக் மிஞ்சாது. முதல் தடவைக்கு அந்த மெத்தை வேணும்.

வேற எண்ணெய்க்கு இதே அளவைப் போடாதீங்க. நல்லெண்ணெய்க்கு ஒரு கிராமுக்கு 0.134 பக்கம்தான் வேணும், விளக்கெண்ணெய்க்கு 0.128 பக்கம். ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு எண் இருக்கு. ஆன்லைன்ல சோப் கால்குலேட்டர் இலவசமாவே கிடைக்குது, எண்ணெய் பேரையும் எடையையும் போட்டா காஸ்டிக் அளவு சொல்லும். தேங்காய் எண்ணெய்க்கான அளவை நல்லெண்ணெய்க்குப் போட்டீங்கன்னா, 20 சதவீத மெத்தை இருந்தும்கூட, என் அக்கா பொண்ணு கதைதான்.

காஸ்டிக் சோடா எங்க கிடைக்கும்னா, கெமிக்கல் கடைகள்ல. பாரிமுனைப் பக்கம் போனா சில்லறையிலயும் தருவாங்க. ஆன்லைன்லயும் இருக்கு. டிரெயின் அடைப்பு எடுக்கற பாக்கெட்டை வாங்கிடாதீங்க. அதுல சிலதுல வேற பொருளும் கலந்திருக்கும். செதில் செதிலா இருக்கும் பாருங்க, சோடியம் ஹைட்ராக்சைடுன்னு மட்டும் எழுதினது, அதுதான் வேணும். திறந்து வெச்சா காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து ஒழுகி நிக்கும், அதனால இறுக்கி மூடற பிளாஸ்டிக் டப்பா.

பாத்திரம். இது ரொம்ப முக்கியம். எவர்சில்வர், இல்லாட்டி தடிமனான பிளாஸ்டிக். அலுமினியம் கூடவே கூடாது. நம்ம வீட்ல பழைய பாத்திரம்னு தேடினா கைக்கு முதல்ல வர்றது ஒரு அலுமினிய தேக்சா தான். காஸ்டிக் தண்ணி அலுமினியத்தைத் தின்னும். சூடாகிப் பொங்கும், வெளில வர்றது ஹைட்ரஜன், தீப்பிடிக்கற வாயு. பக்கத்துல கேஸ் அடுப்பு எரியற சமையலறையில இது நடக்கறதை நினைச்சுப் பாருங்க. ஈயம் பூசின பித்தளைப் பாத்திரமும் வேண்டாம்.

கைக்கு ரப்பர் கிளவுஸ், கண்ணுக்கு கண்ணாடி. பவர் கிளாஸ் போதாது, பக்கத்துலயும் மூடற லேப் கண்ணாடி. ஆன்லைன்ல நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். முழுக்கை சட்டை. கால்ல செருப்பு இல்ல, ஷூ. ஜன்னல் திறந்திருக்கணும். நான் பால்கனில பண்றேன், எதிர் பிளாட் ஆன்ட்டி முதல்ல என்னமோ வெடிகுண்டு பண்றேன்னு நினைச்சிருக்காங்க. (சிரிப்பு)

தண்ணியை முதல்ல எடுத்துக்குங்க. அதுல காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. மாத்திச் செய்யக்கூடாது. காஸ்டிக் மேல தண்ணி ஊத்தினா ஒரே இடத்துல சூடாகி மூஞ்சில தெறிக்கும். தண்ணில போட்டாலே 80 டிகிரிக்கு மேல போகும், அடுப்பே இல்லாம. முதல்ல ஆவி வரும், தொண்டையைப் பிடிக்கும், குனிஞ்சு பார்க்காதீங்க. குழாய்த் தண்ணி வேண்டாம், பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்குங்க.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். அந்தக் கலவை முதல்ல பால் மாதிரி கலங்கும். அஞ்சு பத்து நிமிஷத்துல தெளிஞ்சுடும். தெளிஞ்ச பிறகு பார்த்தா குடிக்கற தண்ணி மாதிரியே இருக்கும். நிறம் கிடையாது. நம்ம வீடுகள்ல பழக்கம் என்ன, எதையும் பழைய தண்ணி பாட்டில்ல ஊத்தி வெப்போம். பினாயில், மண்ணெண்ணெய், ஆசிட் எல்லாமே. யாரோ தாகத்துல வந்து ஒரு வாய் குடிச்சிட்டா உணவுக்குழாய் வெந்துடும். குழந்தைகளுக்கு அது வாழ்நாள் பிரச்சினை. அதனால கலக்கி வெச்சிட்டு போன் பேசப் போகாதீங்க. கலவையைச் சேமிச்சும் வெக்காதீங்க, அன்னைக்குக் கலக்கினதை அன்னைக்கே முடிச்சுடணும். வீட்ல சின்னக் குழந்தை, பூனை, நாய் இருந்தா அவங்க இல்லாத நேரமா பாருங்க, இல்லைன்னா கதவைச் சாத்துங்க.

தோல்ல பட்டா ஓடற தண்ணில கழுவிக்கிட்டே இருக்கணும். நிறைய நேரம். வினிகர் ஊத்தி "நியூட்ரல்" பண்றேன்னு கிளம்பாதீங்க, அது இன்னும் சூட்டைக் கிளப்பும். கண்ல பட்டா குறைஞ்சது இருபது நிமிஷம் தண்ணி, அப்படியே ஆஸ்பத்திரி. யாராவது விழுங்கிட்டா வாந்தி எடுக்க வெக்கக்கூடாது. போகும்போது ஒரு தடவை எரிச்சது, வரும்போது இன்னொரு தடவை எரிக்கும். உடனே 108.

பயமா இருக்கா? கொஞ்சம் இருக்கட்டும். எனக்கு இன்னமும் இருக்கு.

காஸ்டிக் தண்ணி ஆறி, தொட்டா வெதுவெதுன்னு இருக்கற அளவுக்கு வந்ததும் எண்ணெயில ஊத்துங்க. தொட்டுன்னா பாத்திரத்தை வெளியில தொட்டு, தண்ணியை இல்லை! ரெண்டும் 40 டிகிரி பக்கம் இருந்தா நல்லது. சென்னையில தேங்காய் எண்ணெய் பெரும்பாலும் உறையாது. ஊட்டி, கொடைக்கானல்ல இருக்கறவங்க டிசம்பர்ல முதல்ல உருக்கிக்கணும்.

இப்ப கலக்கணும். கரண்டியால கலக்கினா அரை மணி நேரம்கூட ஆகும், கை விட்டுப் போயிடும். ஹேண்ட் பிளெண்டர் இருந்தா சில நிமிஷம்தான். அதை அப்புறம் லஸ்ஸி அடிக்க எடுக்காதீங்க, சோப்புக்குன்னே ஒண்ணு ஒதுக்கிடுங்க. முதல்ல எண்ணெயும் தண்ணியும் தனித்தனியா நிக்கும். பிறகு மோர்க்குழம்பு மாதிரி ஆகும். இன்னும் கொஞ்சம் போனா இட்லி மாவு. கரண்டில எடுத்து மேல ஒரு கோடு விட்டா அந்தக் கோடு உடனே அமுங்காம நிக்கணும். அதுதான் டிரேஸ். மோர்க்குழம்புக்கும் இட்லி மாவுக்கும் நடுவுல நிறுத்திடுங்க.

ஐஸ்கிரீம் டப்பால பட்டர் பேப்பர் விரிச்சு ஊத்துங்க. சிலிக்கான் அச்சு இருந்தா இன்னும் வசதி. கிளவுஸைக் கழட்டாதீங்க, இன்னமும் அது பச்சைக் காஸ்டிக்தான்.

தேங்காய் எண்ணெய் சோப்புக்கு ஒரு குணம் இருக்கு. சூடாகிச் சீக்கிரம் கெட்டியாயிடும். மத்த சோப்பை மறுநாள் வெட்டலாம். இதை ஆறு ஏழு மணி நேரத்துல தொட்டுப் பார்த்து, கெட்டிச் சீஸ் மாதிரி இருக்கும்போதே வெட்டிடணும். ராத்திரி ஊத்திட்டு தூங்கப் போனேன் ஒரு தடவை. காலைல கத்தி வெச்சா கடலைமிட்டாய் மாதிரி தெறிக்குது. துண்டு துண்டா எடுத்து பாத்ரூம் கழுவ வெச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல ஊத்துங்க, சாயங்காலம் வெட்டுங்க.

வெட்டின கட்டிகளை இடைவெளி விட்டு, காத்தாட, வெயில் படாம ஒரு தட்டுல நாலு வாரம் அடுக்கி வைங்க. இதை கியூரிங்னு சொல்வாங்க. இதைப் பத்தி ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு. "ஒரு மாசம் வெச்சா காஸ்டிக் எல்லாம் போயிடும்." நானும் நம்பினேன், என் முதல் சோப்பையும் ஒரு மாசம் வெச்சுத்தான் கொடுத்தேன். எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ற வேலை பெரும்பாலும் முதல் ஒண்ணு ரெண்டு நாள்லயே முடிஞ்சுடும். கியூரிங்ல நடக்கறது தண்ணி வத்தறது. சோப்பு இறுகும், சீக்கிரம் கரையாது, நுரை நல்லா வரும். அளவே தப்பா இருந்தா, ஒரு மாசம் காத்திருக்கறது அதைச் சரி பண்ணிடாது.

அப்ப எப்படித் தெரிஞ்சுக்கறது? ஈர விரலைச் சோப்புல தேய்ச்சு நாக்கு நுனில தொட்டுப் பார்க்கறது. சோப்பு சுவை வந்தா பரவாயில்லை. ஷாக் அடிச்ச மாதிரி சுரீர்னா காஸ்டிக் மிஞ்சியிருக்கு. உடனே வாயைக் கொப்பளிச்சுடணும். கேக்க அபத்தமா இருக்கும், ஆனா சோப்பு பண்றவங்க நிறைய பேர் பண்றது இதுதான். முதல் பேட்ச்ல நான் இதைப் பண்ணியிருந்தா பத்து செகண்ட்ல தெரிஞ்சிருக்கும்.

நம்ம ஆளுங்க அடுத்து கேக்கறது: மஞ்சள் போடலாமா, குப்பைமேனி போடலாமா, கத்தாழை போடலாமா?

மஞ்சள்ல ஒரு வேடிக்கை இருக்கு. மஞ்சள் தூளைப் போட்டா மஞ்சளா வரும்னு நினைப்பீங்க. வராது. காரத்துல மஞ்சள் சிவக்கும். ஆரத்தித் தட்டுல மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தா சிவப்பாகுதே, அதே விஷயம்தான். சோப்புல ஒரு செங்கல் ஆரஞ்சு கலர் வரும், நாளாக நாளாக வெளிறும். அழகாத்தான் இருக்கும், ஒரு கால் ஸ்பூனுக்கு மேல போட்டா துண்டெல்லாம் கறை.

பச்சை இலையை அரைச்சுப் போடறதை நான் விட்டுட்டேன். கத்தாழை, வெள்ளரிக்காய், குப்பைமேனி எல்லாமே பச்சையாக் கலந்தா பழுப்பாகி, சில சமயம் பூஞ்சை பிடிக்கும். பால் ஊத்தினா அதுல இருக்கற சர்க்கரை கருகி ஆரஞ்சாகும், ஒரு நாத்தமும் வரும். இலை வேணும்னா நிழல்ல காய வெச்சு, எண்ணெயில ஊற வெச்சு, வடிகட்டிட்டு அந்த எண்ணெயை எடை போட்டுப் பண்ணுங்க. ஆனா அதுக்காக அது தேமலைப் போக்கும், சொரியாசிஸைக் குணமாக்கும்னு சொல்லாதீங்க. உடம்புல அரை நிமிஷம் இருந்துட்டு டிரெயினேஜ்ல போற பொருள் அது. தோல் நோய்க்கு அது மருந்து கிடையாது.

தலைக்கு இந்தச் சோப்பு வேண்டாம். எவ்வளவு நல்லாப் பண்ணினாலும் சோப்போட பி.எச் 9, 10 பக்கம்தான் இருக்கும், அது சோப்போட இயல்பு. சீயக்காய் அந்தப் பக்கம், லேசான புளிப்பு. அதுவும் போர் தண்ணில தலைக்குச் சோப்பு போட்டா அந்த உப்புத் தண்ணில இருக்கற கால்சியம், மெக்னீசியத்தோட சோப்பு சேர்ந்து பிசுபிசுன்னு ஒரு படலமா முடில ஒட்டிக்கும். உங்க வீட்டு பக்கெட் ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு நிக்குது பாருங்க, அதேதான். தேங்காய் எண்ணெய் சோப்புக்கு மத்ததை விட உப்புத் தண்ணில நுரை கொஞ்சம் நல்லாவே வரும். வேளச்சேரி போர் தண்ணில நானே பார்த்திருக்கேன். படலம் மட்டும் அதுலயும் வரும்.

சின்னக் குழந்தைகள், எக்சிமா மாதிரி வறண்ட தோல் இருக்கறவங்க, இவங்களுக்கு நான் இப்ப கொடுக்கறதே இல்லை. அளவு சரியா இருந்தாலும் கொடுக்கறதில்லை. அவங்களுக்கு டாக்டர்கள் சோப்பே இல்லாத, பி.எச் குறைஞ்ச கிளென்சரைத்தான் சொல்றாங்க. "வீட்ல பண்ணது மிருதுவா இருக்கும்"ங்கறது எல்லாத் தோலுக்கும் உண்மை இல்லை.

இதுல காசு மிச்சமாகுமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். ஆகாது. இப்ப விக்கிற தேங்காய் எண்ணெய் விலைக்கு, சாதாரண கடைச் சோப்பு சீப். தராசு, கண்ணாடி, பிளெண்டர் எல்லாம் சேர்த்தா முதல் சோப்பு தங்கக் கட்டி. சமைக்கறதைப் போல இதுலயும் ஒரு சந்தோஷம் இருக்கு, அதுக்காகத்தான் பண்றேன்.

விக்கலாமாங்கறது அடுத்த கேள்வி. இதுக்கு நிறைய பேர் கோவப்படுவீங்க. இந்தியாவில குளியல் சோப்பு காஸ்மெட்டிக். 1940 சட்டத்துக்குக் கீழ, 2020-ல வந்த காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ்படி, விக்கறதுக்காகத் தயாரிக்கணும்னா மாநில அரசோட லைசென்ஸ் வேணும். இடம், ஆள், பரிசோதனை, லேபிள் எல்லாத்துக்கும் விதி இருக்கு. இன்ஸ்டாகிராம்ல பேஜ் ஆரம்பிச்சு, கூரியர் அனுப்பறதெல்லாம் "சும்மா சின்ன அளவுல"ன்னு சொன்னாலும் இதுல வரும். வீட்லயிருந்து சம்பாதிக்க முயற்சி பண்ற பெண்கள் நிறைய பேருக்கு இந்த விதி பெரிய சுவர், அது எனக்குப் புரியுது. இன்னும் சுலபமாக்கலாம்னுதான் நானும் நினைக்கறேன். ஆனா என்னோட முதல் பேட்சை நான் அம்பது பேருக்கு வித்திருந்தா? அக்கா மாதிரி ரெண்டு வாரம் சொல்லாம இருந்திருப்பாங்க சில பேர். நான் மறுபடியும் அதே 87 போட்டிருப்பேன். நாலு பேரோட போச்சு.

அந்த நாலு பேருக்கும் போன் பண்ணினேன், அதையும் சொல்லிடறேன். ஒருத்தி போட்டு முடிச்சே விட்டா, ஒண்ணும் ஆகலையாம். ஒருத்தன் ஷோகேஸ்ல வெச்சிருந்தான். இன்னொருத்தி, "கை கொஞ்சம் எரிஞ்சுது, ஹேண்ட்மேட்னா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்"னா. கடைசி ஆள் போனை எடுக்கவே இல்லை, வாட்ஸ்ஆப்ல ஒரு நீளமான மெசேஜ் போட்டேன், ப்ளூ டிக் வந்துது.

இப்ப ஒரு நோட்டு வெச்சிருக்கேன். தேதி, எண்ணெய் எத்தனை கிராம், காஸ்டிக் எத்தனை கிராம், எந்தக் கடையில வாங்கினது, நாக்குல தொட்டுப் பார்த்த தேதி. யாருக்குக் கொடுத்தாலும் அந்தத் தேதியைப் பேப்பர்ல எழுதிக் கட்டிடறேன். தராசை மாசத்துக்கு ஒரு தடவை ஒரு கிலோ உப்பு பாக்கெட் வெச்சுச் சரி பார்க்கறேன்.

போன வாரம் அக்கா வந்திருந்தா. தட்டுல அடுக்கி வெச்சதைப் பார்த்துட்டு, ஒண்ணை எடுத்து மோந்து பார்த்தா. "இது எவ்வளவு?"ன்னு கேட்டா. நான் விலை கேக்கறான்னு நினைச்சு முழிச்சேன். "காஸ்டிக் எவ்வளவு போட்டே?" 73-ன்னு சொன்னேன். ரெண்டு எடுத்துக்கிட்டா. வாஷ்பேசின்ல வெக்கறதுக்காம், பாப்பாவுக்கு இல்லையாம். இன்னும் பதினோரு நாள் கியூரிங் பாக்கி இருக்குன்னு சொல்லித் திரும்ப வாங்கி வெச்சிருக்கேன்.

அடுத்த எபிசோட் ரெண்டு வாரம் கழிச்சு. பண்ணிப் பார்த்தவங்க எழுதுங்க, எடையோட எழுதுங்க. வரேன்.